வெட்டின இடம்

அந்த முப்பத்தொரு விநாடித் துண்டை வெட்டியது பிரியதர்ஷினிதான். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், கோட்டக்குப்பத்தில் செல்போன் கடைக்கு மேல்மாடியில் இருந்த ‘எதிர்க்காத்து’ யூட்யூப் சேனல் ஆபீஸில் உட்கார்ந்து வெட்டினாள். பிற்பாடு யார் கேட்டாலும், தோழர் சொன்னார், அதனால் வெட்டினேன் என்றே சொன்னாள். அதில் பொய் ஒன்றும் இல்லை.

அவளுக்கு இருபத்துநாலு வயது. ஊர் பெரிய முதலியார்சாவடி. அப்பா ஆரோவில்லில் ஒரு விருந்தினர் விடுதியில் தோட்ட வேலை பார்க்கிறார். பாண்டிச்சேரியில் விஸ்காம் படித்துவிட்டு ஒரு வருஷம் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள். எதிர்க்காத்தில் சேர்ந்தபோது சம்பளம் பாதியாகிவிட்டது. முதல் மாதமே ஒரு காலனி வாசலில் டவுன் பஸ் நிற்காமல் போவதை ஐந்து நாள் தொடர்ந்து படம் பிடித்துப் போட்டாள். ஒன்பதாம் நாள் பஸ் நின்றது. அதைப் பார்ப்பதற்கென்றே போய், அதே பஸ்ஸில் ஏறி அடுத்த ஸ்டாப்பில் இறங்கினாள். அதற்குப் பிறகு கல்யாண ஸ்டூடியோ பக்கம் அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

சேனலை நடத்தியவர் சித்தார்த்தன். நாற்பத்து மூன்று வயது. ஒரு இடதுசாரிக் கட்சியில் பதினாறு வருஷம் முழுநேர ஊழியராக இருந்து, தேர்தலுக்காக வளைந்து கொடுக்கிறீர்கள் என்று சண்டை போட்டு வெளியே வந்தவர். மூன்று முறை ஜெயிலுக்குப் போயிருக்கிறார். பேப்பரும் டிவியும் அவர்கள் கையில், நம்ம கையில் இருப்பது இந்த ட்ரைபாட் ஒன்றுதான் என்பார். எண்பத்தாறாயிரம் பேர் சேனலைப் பார்த்தார்கள். உப்புப் பாத்திக்குள் செருப்பில்லாமல் இறங்கி நிற்பார், கேமரா ஓடாதபோதும். அதனால் பிரியாவுக்கு அவர் மேல் நம்பிக்கை இருந்தது.

அந்த ஏப்ரலில் மரக்காணம் அளத்தில் உப்பு வாரும் பெண்களைப் பற்றி ஒரு வீடியோ எடுக்கலாம் என்று சித்தார்த்தன் சொன்னார். அவர்களுக்குக் கழிப்பறை கிடையாது, ஒதுங்க நிழல் கிடையாது, குடிக்கிற தண்ணீரை வீட்டிலிருந்தே சுமந்துகொண்டு போக வேண்டும். வீடியோவைப் போட்டுவிட்டு வருவாய்க் கோட்டாட்சியரான ஆர்.டி.ஓ.வின் ஆபீஸில் எல்லோருமாகப் போய் மனுக் கொடுப்பது என்பது திட்டம். ஆனால் பெயரும் முகமும் காட்டிப் பேச யாரும் முன்வரவில்லை. மூன்று தடவை அளத்துக்குப் போய்வந்த பிறகு பிரியா ஒருத்தியைப் பிடித்தாள்.

ஆரோக்கியசெல்விக்கு நாற்பத்து நாலு வயது. பத்தொன்பது வருஷமாக அதே முதலாளியின் அளத்தில் வேலை. புருஷன் பச்சமுத்து அதே முதலாளிக்கு உப்பு ஏற்றும் டிராக்டர் ஓட்டினான். ஒரே பொண்ணைச் செய்யூரில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போவாள், மற்ற ஆறு நாளும் அளம். அவளுக்கு ஒரு திறமை இருந்தது. யாரைப் போல வேண்டுமானாலும் பேசிக் காட்டுவாள். பங்குச் சாமியார், பஸ் கண்டக்டர், முதலாளி வீட்டம்மா என்று ஒவ்வொருவராக அவள் பேசிக் காட்ட, கஞ்சி குடிக்கிற நேரத்தில் மற்ற பெண்கள் புரையேறிச் சிரிப்பார்கள். அதிலும் மேஸ்திரி கன்னியப்பனை அவள் செய்துகாட்டினால் அசல் கன்னியப்பனே வந்து நிற்கிற மாதிரி இருக்கும்.

வீடியோவுக்கு அவள் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. தன்னால் புருஷன் வேலைக்கு ஏதாவது வந்துவிடும் என்று பயந்தாள். பிரியா அவள் பக்கத்தில் வரப்பிலேயே உட்கார்ந்து, பஸ் நின்ற கதையைச் சொன்னாள்.

“ஒண்ணும் ஆகாதுக்கா. நாங்க இருக்கோம்.”

செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணிக்குப் படம் பிடித்தார்கள். கேமராவை பிரியா முன்னாடியே ஓடவிட்டிருந்தாள். அது எப்போதும் அவள் பழக்கம். சித்தார்த்தன் ஆரோக்கியசெல்வியிடம் பேசிக்கொண்டிருந்தார். பயப்படாதீங்க, கோபத்தை அடக்காதீங்க, பிட்டு பிட்டு வையுங்க என்று சொல்லிக்கொடுத்தார். அவளுக்குப் பக்கத்தில் அம்சவள்ளி இடுப்பில் கூடையோடு நின்றாள். பதினாலு வருஷமாக இருவரும் ஜோடி. ஒருத்தி தலைக்கு இன்னொருத்தி கூடையைத் தூக்கிவிடுவாள். காலையில் ஒரே தூக்குச்சட்டியில்தான் கஞ்சி.

ஆரோக்கியசெல்வி கழிப்பறையைப் பற்றிச் சொன்னாள், தண்ணீரைப் பற்றிச் சொன்னாள். அப்புறம் தானாகவே கல்லுக்கு வந்தாள். நாலு பாத்தி சேருகிற மூலையில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல் நட்டிருந்தது. பெண்கள் அதை அளத்தம்மா என்றார்கள். வருஷத்தின் முதல் உப்பு விளைந்ததும் ஆளுக்கு ஒரு பிடி கொண்டுபோய் அங்கே வைத்து மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். ஆரோக்கியசெல்வியும் வைப்பாள். நீ கிறிஸ்துவச்சி ஆச்சே என்று இந்தப் பத்தொன்பது வருஷத்தில் அவளை யாரும் கேட்டதில்லை. இப்போது முதலாளி அந்த நாலு பாத்தியையும் மேடாக்கி ஓட்டல் கட்டப் போவதாகப் பேச்சு. கல்லை எடுத்துப் பக்கத்துக் கழுவெளிச் சதுப்பில் போட்டுவிடும்படி கன்னியப்பன் பெண்களிடமே சொல்லியிருந்தான்.

அதைச் சொல்லும்போது ஆரோக்கியசெல்வி கன்னியப்பனாகவே மாறிவிட்டாள். கையை வீசி, மூக்கைச் சுளித்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டு பேசினாள்.

“‘இது வெறுங்கல்லுடி. மஞ்சத்தண்ணி ஊத்தினா உப்பு வெளைஞ்சிடுமா? தூக்கி கழுவெளியில கடாசுங்க’ன்னு எங்க மேஸ்திரி சொல்றாரு. கேக்கச் சொல்ல எங்களுக்கு வயிறு எரியுது.”

அம்சவள்ளி தலையை ஆட்டினாள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

வெள்ளிக்கிழமை ஆபீஸில் சித்தார்த்தன் அந்த இடத்தை மூன்று முறை ஓடவிட்டுப் பார்த்தார். முழு வீடியோ ஞாயிற்றுக்கிழமைதான். அதற்கு முன் ஆட்களை இழுக்க ஒரு ஷார்ட்ஸ் போட வேண்டும். ‘கடாசுங்க’ என்ற இடத்தில் நிறுத்திவிடு என்றார். பிரியா, தோழர், அப்ப ‘ன்னு மேஸ்திரி சொல்றாரு’ போயிடுதே, அந்தக்காவே சொன்ன மாதிரி ஆயிடுமே என்றாள். அவர் திரையைப் பார்த்தபடியே, முழு வீடியோவில் எல்லாம் இருக்கிறது அல்லவா, ரெண்டு நாள்தானே என்றார். பிறகு, ஒரு உழைக்கிற பெண் கல்லைக் கல் என்று சொல்கிறாள், இதைவிடப் பெரிய பகுத்தறிவுப் பிரச்சாரம் எது என்றும் சொன்னார். பிரியா ‘ன்னு’க்கு முன்னால் வெட்டி, கீழே சிவப்பு எழுத்தில் அந்த வாசகத்தையே போட்டு ஏற்றினாள்.

சாயங்காலத்துக்குள் நாற்பதாயிரம் பேர் பார்த்தார்கள். மறுநாள் காலையில் அது நாலு லட்சமாகியிருந்தது. கனடாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் செவ்வணக்கம் அக்கா என்று எழுதினார்கள். ஒருவர் ஆரோக்கியசெல்வி முகத்தைச் சிவப்பு கறுப்பில் வரைந்து அனுப்பினார்.

சனிக்கிழமை மத்தியானம் ‘தர்மவீச்சு’ அதை எடுத்துக்கொண்டது. இந்து ஒற்றுமை என்று பேசும் ஒரு சின்ன இயக்கத்தின் சேனல் அது. திண்டிவனத்திலிருந்து நடத்தியவன் கௌதம். மூன்று வருஷம் முன்னால் எதிர்க்காத்தில் கேமரா பிடித்தவன் அவன்தான். ஒரு கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் சித்தார்த்தன் அவனை முட்டாள் என்று சொன்னதும் எழுந்து போனவன், திரும்பி வரவில்லை. துண்டில் ஒரு விநாடியைக்கூட அவன் மாற்றவில்லை. மாற்ற வேண்டிய அவசியமே இல்லாதபடி பிரியா வெட்டிக் கொடுத்திருந்தாள். பேசியவள் பெயர் ஆரோக்கியசெல்வி என்பதை மட்டும் பெரிய எழுத்தில் போட்டு, நம் அம்மனைக் கழுவெளியில் வீசச் சொல்லும் இவளை என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை முழு வீடியோ வரவில்லை. சித்தார்த்தன் நிறுத்தி வைத்துவிட்டார். சூடு ஆறட்டும் என்றார்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குக் காவித்துண்டு போட்ட முப்பது பேர் அளத்துக்குள் வந்தார்கள். கௌதம் நேரலை போட்டுக்கொண்டே வந்தான். ஆரோக்கியசெல்வி தலையில் கூடையோடு வரப்பில் வந்துகொண்டிருந்தாள். ஒருவன் கூடையைத் தட்டிவிட்டான். அவளைக் கல்லுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, இரண்டு காதையும் பிடித்துக்கொண்டு நூற்றெட்டு தோப்புக்கரணம் போடச் சொன்னார்கள். அவள், நான் சொல்லலைங்க, மேஸ்திரி சொன்னதைத்தான் சொன்னேன் என்றாள். கேட்கிற அளவுக்கு யாரும் அமைதியாக இல்லை. அவர்கள் கோரஸாக எண்ணினார்கள். நாற்பதில் ஒருவன் கணக்கு தப்பிப்போச்சு என்றான், சிரித்துக்கொண்டே மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தார்கள். இரண்டாம் முறை ஐம்பத்திரண்டில் அவள் முட்டி மடங்கிப் பாத்திக்குள் விழுந்தாள். உப்புத் தண்ணீர் வாய்க்குள் போயிற்று. எழுப்பி நிறுத்தி மிச்சத்தையும் போடச் சொன்னார்கள்.

மற்ற பெண்கள் உப்பு அம்பாரத்துக்குப் பக்கத்தில் கூட்டமாக நின்றார்கள். கௌதம் மைக்கை அம்சவள்ளியிடம் நீட்டி, நீங்க பக்கத்துல இருந்தீங்களாம்மா, என்ன பேசினாங்க என்று கேட்டான். அம்சவள்ளி மைக்கைப் பார்த்தாள். அவனுக்குப் பின்னால் நின்ற மேஸ்திரியைப் பார்த்தாள்.

“நான் தள்ளி இருந்தேங்க. காதுல விழல.”

கடைசியில் கன்னியப்பன்தான் நடுவில் வந்தான். போதும்பா, பொம்பளை, மன்னிச்சு விட்டுடுங்க என்று பெரிய மனுஷனாகக் கையெடுத்துக் கும்பிட்டான். அப்புறம் ஆரோக்கியசெல்வியின் முழங்கையைப் பிடித்து நிமிர்த்தி, அம்மா மேல அப்படிச் சொன்னது தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லிடு செல்வி, அதோட முடிஞ்சுது என்றான். அவள் அவன் முகத்தையே பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவன் பிடி இறுகியது கேமராவிலேயே தெரிந்தது. தப்பு என்று அவள் சொன்னாள்.

பதினோராயிரம் பேர் அதை நேரலையில் பார்த்தார்கள். அதில் பிரியாவும் சித்தார்த்தனும் இரண்டு பேர். பிரியா எழுந்து, வண்டியை எடுங்க தோழர், போகலாம் என்றாள். அவர் அவளை உட்காரச் சொன்னார்.

“முதல்ல இதை ரெக்கார்ட் பண்ணு. டெலிட் பண்ணிடப் போறானுங்க.”

அவள் ரெக்கார்ட் செய்தாள். அன்று மாலையே அது எதிர்க்காத்தில் வந்தது. ‘ஆரோக்கியசெல்வியோடு நிற்கிறோம்’ என்பது தலைப்பு. அவள் பாத்தியில் விழுகிற இடத்தை மெதுவாக ஓடவிட்டு பின்னணியில் பறை இசை போட்டிருந்தார்கள். அந்த வாரத்தில் மட்டும் சேனலில் இருபதாயிரம் பேர் புதிதாகச் சேர்ந்தார்கள்.

மத உணர்வைப் புண்படுத்தியதாக ஆரோக்கியசெல்வி மேல் வழக்குப் பதிவானது. தோப்புக்கரணம் போட வைத்தவர்கள் மேல் எதுவும் பதிவாகவில்லை. முதலாளி அவளை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். செய்யூரிலிருந்து மருமகன் போன் செய்து, கொஞ்ச நாளைக்கு யாரும் வரப்போக இருக்க வேண்டாம் என்றான்.

புதன்கிழமை சித்தார்த்தன் பிரியாவைக் கூட்டிக்கொண்டு ஆரோக்கியசெல்வியின் வீட்டுக்குப் போனார். ஆரோக்கியசெல்வி முட்டியில் மஞ்சள் பற்றுப் போட்டுக் கட்டியிருந்தாள். பச்சமுத்து உள்ளேயே படுத்திருந்தான், எழுந்து வரவில்லை. அவள் சித்தார்த்தனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். முழுசையும் போட்டுடுங்க சார், மேஸ்திரி சொன்னதுன்னு தெரிஞ்சா விட்டுடுவாங்க. அவர் கீழே உட்கார்ந்து, ரொம்பப் பொறுமையாக, ஏன் போட முடியாது என்று விளக்கினார். இப்போது முழுசையும் போட்டால் முதல் துண்டை நாம் வெட்டி மாற்றினோம் என்று ஆகும். நாம் இதுவரை போட்ட முன்னூறு வீடியோவும் பொய் என்பார்கள். அடுத்த வாரம் ஆர்.டி.ஓ. மனு இருக்கிறது. ஒரு ஆளுக்காக இயக்கத்தைப் பலி கொடுக்க முடியாது. அதைவிட, ஆமாம் நான்தான் சொன்னேன், கல்லு கல்லுதான் என்று நீங்கள் துணிந்து நின்றால் தமிழ்நாடே உங்கள் பின்னால் நிற்கும்.

“நான் சொல்லாததை நான் எப்படி சார் சொல்றது? நானுந்தான் அங்க ஒரு புடி உப்பு வெக்கிறேன்.”

அதெல்லாம் உங்களை அறியாமல் பழக்கத்தில் செய்வது என்றார் சித்தார்த்தன். பிரியாவிடம் ட்ரைபாடை எடுக்கச் சொன்னார். பிரியா எடுக்கவில்லை. அவரே எடுத்து வைத்து, வாசலில் நின்று, அக்கா மனம் தளராமல் இருக்கிறார் என்று இரண்டு நிமிஷம் பேசி முடித்தார்.

அன்று பஸ்ஸில் திரும்பும்போது பிரியா தீர்மானித்துவிட்டாள். அசல் காட்சியின் காப்பி அவள் பென்டிரைவில் இருந்தது. மறுநாள் தன் சொந்தக் கணக்கிலிருந்து, வெட்டாத நாலு நிமிஷத்தை ஏற்றினாள். கழிப்பறையில் ஆரம்பித்து மேஸ்திரியில் முடிகிற பகுதி அது. அவளுக்கு நூற்றுப்பன்னிரண்டு ஃபாலோயர்கள், பாதிப் பேர் கூடப் படித்தவர்கள். முன்னூறு பேர் பார்த்தார்கள். கீழே ஒருவன் இது ஏ.ஐ. என்று எழுதினான். ஒரு தோழர், உனக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்று கேட்டார். மூன்றாம் நாள் வீடியோ காணாமல் போயிருந்தது. காப்பிரைட் புகார் வந்ததால் நீக்கப்பட்டது என்று அறிவிப்பு வந்திருந்தது. புகார் கொடுத்தது எதிர்க்காத்து.

சித்தார்த்தன் அவளைத் திட்டவில்லை. சாவியை மேஜையில் வைத்துவிட்டுப் போ என்று மெசேஜ் அனுப்பினார்.

அடுத்த நாள் கௌதம் போன் செய்தான். குரல் ரொம்ப மரியாதையாக இருந்தது. சிஸ்டர், உங்க வீடியோவைப் பாத்தேன், அதுக்குள்ள தூக்கிட்டாங்க, அந்தம்மா சொல்லலைன்னா நான் தப்புப் பண்ணிட்டேன்னு அர்த்தம், நானே போட்டு நானே சொல்றேன் என்றான். பிரியா அவனை நம்பவில்லை. ஆனால் வேறு யார் போட்டாலும் அந்த முப்பது பேர் பார்க்க மாட்டார்கள், இவன் போட்டால்தான் பார்ப்பார்கள் என்று யோசித்தாள். இரண்டு நாள் யோசித்தாள். அந்த இரண்டாம் நாள் சாயங்காலம் ஈ.சி.ஆர். டீக்கடையில் வைத்து யாரோ பச்சமுத்துவை அடித்து இடது கையை முறித்துவிட்டார்கள். சேதி கேட்டதும் திண்டிவனத்துக்கு பஸ் ஏறினாள்.

கௌதமின் ஆபீஸும் ஒரு கடைக்கு மேல்மாடிதான். அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்தான். பென்டிரைவை வாங்கிச் செருகிக்கொண்டே கேட்டான்.

“கேமரா முன்னாடியே ஓடும் இல்ல? அவரு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி சொல்லிக் குடுப்பாரே, அது இதுல இருக்குதா சிஸ்டர்?”

இருக்கிறது, எல்லாமே இருக்கிறது, முழுசாகப் போடுங்கள் என்றாள் பிரியா. முழுசாகத்தான் என்றான் அவன். எதுக்கு இங்க வந்தீங்கன்னு உங்க வாயாலயே சொல்லுங்க என்றான். தோழர் வெட்டச் சொன்னார், நான் வெட்டினேன் என்று சொன்னாள். மேஜையில் சாய்த்து வைத்திருந்த போன் ஓடிக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியாது.

இரண்டாம் நாள் வீடியோ வந்தது. ‘நாத்திகக் கும்பலின் பயிற்சி வகுப்பு’ என்று பெயர். சித்தார்த்தன் ஆரோக்கியசெல்வியிடம், பயப்படாதீங்க, பிட்டு பிட்டு வையுங்க என்று சொல்லிக்கொடுப்பது முதலில் வந்தது. கழிப்பறையும் தண்ணீரும் இல்லை. நேராகக் கல். அவள் கையை வீசி, மூக்கைச் சுளித்துப் பேசினாள். ‘கடாசுங்க’ என்றாள். அங்கே நின்றது. பிரியா வெட்டிய அதே இடத்தில் அவனும் வெட்டியிருந்தான். அதன் பிறகு பிரியாவின் முகம் வந்தது. தோழர் வெட்டச் சொன்னார், நான் வெட்டினேன் என்றாள். எதை வெட்டினாள் என்பது அதில் இல்லை. பார்க்கிறவர்களுக்கு, இன்னும் மோசமாக ஏதோ பேசியதை மறைக்கத்தான் வெட்டினார்கள் என்று தோன்றும்படி வைத்திருந்தான்.

அவள் கௌதமுக்குப் போன் செய்தாள். இந்த முறை அவன் சிஸ்டர் என்று கூப்பிடவில்லை.

“மேஸ்திரி எங்க ஆளு. அவரைப் போயி நான் எப்படி மாட்டி விடுவேன்? உங்க தோழர் அவர் ஆளைக் காட்டிக் குடுப்பாரா சொல்லு.”

அதற்கப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு மனுக் கொடுக்க நாற்பது பெண்கள் வருவதாக இருந்தது, இரண்டு பேர் வந்தார்கள். சித்தார்த்தன் மூன்று மணி நேரம் நேரலையில் பேசி, பிரியதர்ஷினி தொடக்கத்திலிருந்தே தர்மவீச்சுக்காரர்கள் அனுப்பிய உளவாளி என்று விளக்கினார். ஒரு வாரத்துக்குப் பிறகு வேறொரு ஊரில் வேறொரு பிரச்சினைக்குப் போய்விட்டார். ஆரோக்கியசெல்விக்காக அவர் ஏற்பாடு செய்திருந்த வக்கீல் இரண்டு வாய்தாவுக்கு வந்தார், மூன்றாவதுக்கு வரவில்லை. மே மாதக் கடைசியில் கன்னியப்பன் அந்தக் கல்லைப் பெயர்த்து எடுத்தான். மெயின் ரோட்டில் பெரிய கோயிலாகக் கட்டப் போகிறோம், அதுவரை பத்திரமாக இருக்கட்டும் என்றான். அடிக்கல் விழாவுக்கு கௌதமின் ஆட்கள் வந்து மாலை போட்டார்கள். அம்சவள்ளியும் மற்ற பெண்களும் தாம்பாளம் ஏந்தி நின்றார்கள். நாலு பாத்தியிலும் லாரி லாரியாக மண் கொட்டினார்கள்.

பச்சமுத்து கை கட்டோடு அவன் அக்காள் வீட்டுக்குப் போனான். உன் வாயாலதான் எல்லாம் என்று பெண்டாட்டியிடம் சொல்லிவிட்டுப் போனதாக பிரியா கேள்விப்பட்டாள். அதற்கப்புறம் ஆரோக்கியசெல்வி எங்கே போனாள் என்று யாருக்கும் தெரியவில்லை.

பிரியாவைப் பழைய கல்யாண ஸ்டூடியோ சேர்த்துக்கொள்ளவில்லை. மாப்பிள்ளை வீட்டார் அடையாளம் கண்டுபிடித்துப் பிரச்சினை பண்ணுவார்கள் என்றார்கள். வீட்டிலிருந்தே, பெயர் போடாமல், ஆல்பம் டிசைன் செய்துகொடுத்தாள். செப்டம்பரில் ஒருநாள் அப்பா சாப்பிட்டுக்கொண்டே, விடுதியில் பாத்திரம் கழுவப் புதிதாக ஒரு அம்மா வருகிறது, அந்த உப்பளத்து வீடியோ அம்மா மாதிரியே இருக்கிறது, பேர் கேட்டால் செல்வி என்கிறது என்றார். வீடு பொம்மையார்பாளையத்திலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை பிரியா ஒரு கிலோ ஆப்பிள் வாங்கிக்கொண்டு போனாள். ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஐந்து அறை, முன்னால் பொதுக் குழாய். ஆரோக்கியசெல்வி வாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். ரொம்ப இளைத்திருந்தாள். பிரியாவைப் பார்த்ததும் வேகமாக எழுந்து, அவள் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

உட்காரச் சொல்லவில்லை. பிரியா நின்றபடியே சொல்ல ஆரம்பித்தாள். தோழர் சொன்னது, முழு வீடியோ வராமல் போனது, திண்டிவனம் போனது எல்லாவற்றையும் சொன்னாள். ஆரோக்கியசெல்வி ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

“வெட்டினது யாரு?”

“தோழர்தான்கா வெட்டச் சொன்னாரு.”

“வெட்டினது?”

“நான்தான்.”

அந்த முழுசு வீடியோ உன்கிட்ட இருக்குதா என்று ஆரோக்கியசெல்வி கேட்டாள். பிரியா போனில் எடுத்துக் கொடுத்தாள். அவள் அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அளத்து வெளிச்சம் அவள் முகத்தில் அடித்தது. கன்னியப்பன் குரலில் தான் பேசுவதையும், அம்சவள்ளி பக்கத்தில் முந்தானையால் வாயை மூடிச் சிரிப்பதையும் பார்த்தாள். முடிந்ததும் மறுபடி ஒரு தடவை ஓடவிடச் சொன்னாள்.

“அம்சா சிரிக்கிறா பாரு,” என்றாள். பிறகு போனைத் திருப்பிக் கொடுத்தாள். “எடுத்துக்கினு போ பாப்பா. இனிமே வராத. இங்க நான் செல்வி.”

பிரியா மன்னிப்பு கேட்கத்தான் வந்திருந்தாள். கேட்டாள். ஆரோக்கியசெல்வி கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றாள். ஆப்பிள் பையையும் அவள் கையிலேயே கொடுத்துவிட்டாள்.

வெளியே குழாயடியில் வீட்டுக்காரம்மாவின் மருமகள் குடத்தோடு நின்றிருந்தாள். பிரியாவை ஏற இறங்கப் பார்த்தாள். நீங்க யூட்யூப்ல வந்தவங்கதானே, அந்த அம்மன் வீடியோல என்று கேட்டாள். இல்லை என்று பிரியா சொன்னாள். சொல்வதற்கு முன்னால் ஒரு விநாடி தயங்கிவிட்டாள். மருமகள் இடுப்பிலிருந்து போனை எடுப்பதை, ரோட்டுக்கு வந்த பிறகு திரும்பிப் பார்த்தாள்.

பதினைந்து நாளுக்கு மேல் பிரியாவால் சும்மா இருக்க முடியவில்லை. விடுதிக்கு அந்த அம்மா இப்போது வருவதில்லை என்று அப்பா சொன்னதும் மறுபடி போனாள். அறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். வீட்டுக்காரம்மா திரௌபதி தரையைக் கழுவித் தள்ளிக்கொண்டிருந்தாள். பிரியாவை அவளுக்குத் தெரிந்திருந்தது. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, வாம்மா என்றாள்.

அவங்க எங்கே போனாங்க என்று பிரியா கேட்டாள். யாருக்குத் தெரியும், ஒரு மூட்டையோடு மெட்ராஸ் பஸ்ஸில் ஏறினாள், அட்வான்ஸைக்கூட நின்று வாங்கிக்கொண்டு போகவில்லை என்றாள் திரௌபதி. என் பையன் கூட நாலு பேர் வந்து கேட்டாங்க, ரெண்டு கையால கும்பிட்டுட்டுப் போயிட்டா, அடி கிடி எதுவும் இல்ல என்று சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“நல்ல வேளை அன்னிக்கு நீ வந்தே. இல்லன்னா அவ யாருன்னு எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது. நல்லா இரும்மா நீ.”

பிரியா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திரௌபதி தன் வீட்டிலிருந்து ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அறை காலியாகத்தான் இருக்கிறது, நல்ல குடும்பமாக யாராவது தெரிந்தால் சொல்லு என்றாள். பிரியா தண்ணீரைக் குடித்துவிட்டு, சரி என்றாள்.